மலையகத்துக்கு ஒரு புழு ஆய்வுகூடம்: திறந்த மடல்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, விவசாய, மருத்துவ பீடங்களுக்கும், ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்துக்கும், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகத்துக்கும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள நூற்புழு ஒன்றை வளர்த்து, நம் தேயிலை மலைகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் தெளிக்கப்படும் மருந்துகள் அதன் நரம்புகளை என்ன செய்கின்றன என்று தொடர்ந்து பார்த்து வரக்கூடிய சிறிய ஆய்வுகூடம் ஒன்றை மலையகத்திலேயே தொடங்குமாறு தங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நான் ஆராய்ச்சியாளன் அல்லன். ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலருடைய தந்தையர் மருந்தடிக்கிறவர்கள். நரம்புத் தொகுதிப் பாடத்தில், நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கடத்தும் அசற்றைல்கோலின் என்ற பதார்த்தத்தை விளக்கும்போது, "அப்பா அடிக்கிற மருந்து இதைத்தானே சேர் பிடிக்கிறது?" என்று யாராவது கேட்காத ஆண்டு இல்லை. அந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பாதிப் பதில்தான் இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடித் தரத்தக்க கருவி ஒன்று உலகின் பல ஆய்வுகூடங்களில் பல ஆண்டுகளாகவே பயன்பட்டு வருகிறது.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற இந்தப் புழுவைத் தங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் இம்மடலைப் பிறரும் படிப்பார்கள் என்பதால் சில விடயங்களைச் சொல்கிறேன். அழுகும் பழத்திலும் இலைக்குப்பையிலும் பற்றீரியாவைத் தின்று வாழும் இது மனிதருக்கோ பயிருக்கோ தீங்கு செய்வதில்லை. 1963 இல் சிட்னி பிரென்னர் கேம்பிரிட்ஜில் இதனை ஆய்வுக்குத் தெரிவு செய்ததற்குக் காரணம், உடல் முழுவதும் கண்ணாடிபோல் ஊடுபுகவிடும் இந்தச் சின்ன உயிரில் நரம்புத் தொகுதியை ஒன்றும் விடாமல் எண்ணிவிடலாம் என்ற நம்பிக்கையே. அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. இருபால் உடல்கொண்ட முதிர்புழுவில் சரியாக 302 நரம்புக்கலங்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்துள்ளன என்ற முழு வரைபடம் 1986 இல் வெளியாயிற்று. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், 302 ஐயும் பெயர் சொல்லி அழைக்க முடிவது எத்தகைய வசதி என்பது விளங்கும். 1998 இல் இதன் பரம்பரை அலகுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. பல்கல விலங்கு ஒன்றுக்கு அவ்வாறு வாசிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. 2002, 2006, 2008, 2024 ஆகிய ஆண்டுகளில் வழங்கப்பட்ட நொபெல் பரிசுகளுக்குப் பின்னால் இந்தப் புழுவில் செய்யப்பட்ட வேலை இருக்கிறது.

நரம்பு நஞ்சைப் பற்றிய ஆய்வுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதே நமக்கு முக்கியம். இதன் நரம்புக்கலங்களில் பாதிக்குச் சற்றே கூடுதலானவை அசற்றைல்கோலினைப் பயன்படுத்துபவை. நம் தசையைச் சுருங்கச் செய்யும் அதே அசற்றைல்கோலின்தான் புழுவின் தசையையும் சுருங்கச் செய்கிறது. வேலை முடிந்ததும் அதனை உடைத்தகற்றும் கோலினெஸ்தரேசு நொதியமும் இரண்டிலும் உண்டு. சேதனப் பொசுபேற்று வகைப் பூச்சிநாசினிகளும் காபமேற்று வகையும் முடக்குவது இந்த நொதியத்தைத்தான். நொதியம் முடங்கினால் தசைக்குப் போன கட்டளை அழிவதில்லை; தசை சுருங்கியபடியே நின்றுவிடுகிறது.

இதை நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்ப்பதற்கு ஒரு தட்டு ஏகார்க் கூழும், அதன்மேல் இரையாகப் பூசிய ஈ. கோலை என்ற பற்றீரியாப் படலமும், நுனியைத் தட்டையாக்கிய பிளாற்றினக் கம்பியும் போதும். நலமான புழு படலத்தின்மேல் வளைந்து வளைந்து ஊர்ந்து, தான் போன வழியை ஒழுங்கான அலைக்கோடாக எழுதிவிட்டுப் போகும். தொண்டை நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் துடித்து இரையை உள்ளிழுக்கும். நொதியத்தை முடக்கும் அல்டிகாப் போன்ற காபமேற்று ஒன்றை ஏகாரில் கலந்துவிட்டால், சிறிது நேரத்தில் அலையின் உயரம் குறைகிறது. உடல் சுருங்கிக் குட்டையாகிறது. தலை மட்டும் கொஞ்சநேரம் அசைந்துகொண்டிருந்து பிறகு அதுவும் நிற்கிறது. கம்பியால் தொட்டாலும் விலகுவதில்லை. ஒரு மணித்தியாலத்தில் எத்தனை புழுக்கள் அசைவற்றுப் போயின என்று எண்ணுவதே சோதனை. திரவத்தில் விட்டு அரை நிமிடத்துக்கு எத்தனை தடவை உடலை வளைக்கின்றன என்று எண்ணுவது இன்னொரு சோதனை. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. பொறுமையும் கணக்கும் உள்ள மாணவி ஒருத்தி இருந்தால் போதும்.

இப்படிப் பெறும் முடிவுக்கும் பாலூட்டிகளுக்கும் சம்பந்தம் உண்டா என்று தாங்கள் கேட்பது நியாயமே. சேதனப் பொசுபேற்றுகள் பலவற்றைப் புழுவின் அசைவைக் கொண்டு நச்சுத்தன்மைப்படி வரிசைப்படுத்தி, எலிகளில் ஏற்கெனவே பெறப்பட்ட வரிசையோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2004 இல் வெளியானது. இரண்டு வரிசைகளும் பெரிதும் ஒத்துப்போயின. அளவு ஒத்துப்போனது என்று நான் சொல்லவில்லை. எது கொடியது, எது அதைவிடக் குறைந்தது என்ற வரிசை ஒத்துப்போனது. முதற்கட்டமாகச் சலித்தெடுப்பதற்கு அதுவே பெரிய உதவி.

மெல்லக் கெடும் நரம்புகளைப் பார்க்கவும் வழி இருக்கிறது. இருபால் புழுவில், நரம்புச் செய்தி கடத்தும் இன்னொரு பதார்த்தமான டோபமைனைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் எட்டே எட்டு: தலையில் ஆறு, உடலின் பிற்பகுதியில் இரண்டு. இந்த எட்டிலும் மட்டும் பச்சையாக ஒளிரும் புரோத்தீன் உண்டாகுமாறு மாற்றப்பட்ட புழு இனங்கள் உள்ளன. ஒளிர்வு நுணுக்குக்காட்டியில் வைத்தால் தலைப்பக்கம் மெல்லிய பச்சை இழைகள் மூக்கு நுனிவரை ஓடுவது தெரியும். நஞ்சு வேலை செய்தால் இழை முதலில் மணிமணியாக முடிச்சு விழுகிறது, பிறகு அறுகிறது, பிறகு கலமே மங்கிப்போகிறது. உயிருள்ள விலங்கு ஒன்றை வெட்டாமல், சாயமிடாமல், நரம்பு சிதைவதை நாளுக்கு நாள் பார்த்து எண்ணலாம் என்பது சாதாரண விடயமல்ல. களைநாசினியான பரகுவாற், பூச்சிநாசினியான ரொட்டெனோன், மிதமிஞ்சிய மங்கனீசு ஆகியவை இவ்வாறு ஆராயப்பட்டுள்ளன. நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் உருளைக்கிழங்கின் வெளிறல் நோய்க்கு அடிக்கப்படும் மங்கோசெப்பில் மங்கனீசு இருப்பதையும், அந்த வகைப் பங்கசுநாசினிகள் இந்தப் புழுவின் நரம்புகளைச் சிதைத்ததாக ஆய்வுகள் வெளியாகியுள்ளதையும் தாங்கள் அறிவீர்கள்.

இந்த வேலையைக் கொழும்பில் செய்யக்கூடாதா, வெளிநாட்டார் செய்ததைப் படித்துக்கொள்ளக்கூடாதா என்ற கேள்விக்கு என் பதில், நம் மருந்துத் தாங்கிக்குள் இருப்பது வேறு எங்கும் இல்லை என்பதுதான். பீடைநாசினிகள் பெரும்பாலும் தனித்தனிப் பதார்த்தங்களாகவே மதிப்பிடப்படுகின்றன. மரக்கறித் தோட்டத்தில் நடப்பது அப்படியல்ல. கோவாவில் புழு, லீக்ஸில் பேன், கிழங்கில் கருகல் என்று மூன்றும் ஒரே கிழமையில் வந்தால், கூலி ஒரு தடவைதான் கொடுக்க முடியும் என்பதால் பூச்சிக்கு ஒன்று, பங்கசுக்கு ஒன்று, இலை தளிர்க்க ஒன்று என எல்லாம் ஒரே தாங்கியில் ஊற்றப்படுகின்றன. அளவு போத்தல் மூடியால். கலக்குவது கையில் கிடைத்த தடியால். அந்தக் கலவையைச் சோதித்த ஆய்வுகூடம் உலகில் எங்கும் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கலவை அந்தத் தோட்டத்தில் அன்றுதான் பிறந்தது.

போத்தலில் இருப்பதும் எப்போதும் சிட்டையில் எழுதியிருப்பதாக இருப்பதில்லை. 1976 இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மலத்தியன் தெளித்த தொழிலாளரில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சூட்டப்பட்டனர், ஐவர் இறந்தனர். மலத்தியன் அவ்வளவு கொடியதல்ல என்றே கருதப்பட்டிருந்தது. சில உற்பத்திகளில் உருவாகியிருந்த ஐசோமலத்தியன் என்ற மாசு, மலத்தியனை உடலில் முறிக்கும் நொதியத்தையே முடக்கிவிட்டதுதான் காரணம். தகரக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் கிடக்கும் போத்தல்களில் என்ன உருவாகியிருக்கிறது என்பதை இரசாயனப் பகுப்பாய்வு சொல்லும். ஆனால் எதைத் தேடுவது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அது சொல்லும். புழுவுக்கு அந்த நிபந்தனை இல்லை. பெயர் தெரியாத மாசாக இருந்தாலும் நரம்பைப் பிடித்தால் அது ஊர்வதை நிறுத்திவிடும்.

நரம்பு நஞ்சு விடயத்தில் மலையகத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1977, 78 ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமியர் கைகால் சோர்ந்து நடக்க முடியாமல் போனார்கள். பிள்ளை பெரியவளானால் நல்லெண்ணெய் குடிக்கக் கொடுக்கும் நம் வழக்கமே அவர்களை நஞ்சுக்கு ஆளாக்கியது: அந்த எண்ணெயில் டிரைகிரெசைல் பொசுபேற்று என்ற நரம்பு நஞ்சு கலந்திருந்தது. கனிய எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெய் கொண்டுவரப்பட்டதால் அது கலந்திருக்கலாம் என்று, நிமல் சேனாநாயக்கவும் ஜெ. ஜெயரட்னமும் 1981 இல் வெளியிட்ட கட்டுரை கூறியது. அதே சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்தவுடன் சேர்ந்து 1987 இல் இன்னொன்றை எழுதினார். சேதனப் பொசுபேற்று நஞ்சருந்தியவர்கள் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிப் பிழைத்தார்கள் என்று எண்ணும் வேளையில், ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் கழுத்தும் தோளும் சுவாசத் தசைகளும் தளர்ந்துவிடும் அந்த நிலையை இடைநிலைக் கூட்டறிகுறி என்று பெயரிட்டு உலகுக்கு விவரித்தவர்கள் அவர்களே. பேராதனையில் பணியாற்றியவர்கள் கட்டில் ஓரத்தில் நின்று கண்டறிந்தது அது. எனவே நரம்பு நஞ்சைப் பற்றிய அறிவு மலையகத்துக்குப் புதிதாக இறக்குமதியாக வேண்டியதில்லை.

அதன் பிறகு சட்டம் நிறையச் செய்திருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1995 இல் மெதமிடொபொஸ், மொனோகுரோட்டொபொஸ் ஆகியவையும், 1998 இல் எண்டோசல்பனும், 2008 முதல் 2011 வரை பரகுவாற், டைமெதொயேற், பெந்தியன் ஆகியவையும் நிறுத்தப்பட்டன. நஞ்சருந்தி இறப்போரின் தொகை குறைந்ததில் இந்தத் தீர்மானங்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அவை உடனடி மரணத்தைக் கணக்கிட்டு எடுக்கப்பட்டவை. கிளைபொசேற் என்ற களைநாசினி 2015 இல் தடைசெய்யப்பட்டு 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீள அனுமதிக்கப்பட்டபோதும், 2021 இல் விவசாய இரசாயன இறக்குமதியே நிறுத்தப்பட்டு அந்த ஆண்டிலேயே மீளத் திறக்கப்பட்டபோதும், பேச்சு சிறுநீரகத்தையும் விளைச்சலையும் அந்நியச் செலாவணியையும் சுற்றியே நடந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் மருந்தடித்தவரின் விரல் நடுக்கத்தை யாரும் மேசைக்குக் கொண்டுவரவில்லை. அந்த நடுக்கம் மருந்தால் வந்தது என்று நான் வாதிடவில்லை. அதைக் கேட்டுப் பார்க்கும் ஏற்பாடு ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறேன்.

இனி, இந்தப் புழு எதைச் சொல்லாது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இதைத் தெளிவாக்காமல் தொடங்கும் ஆய்வுகூடம் தொடங்காதிருப்பதைவிடத் தீங்கானது.

நம் நரம்பில் கணத்தாக்கம் எனப்படும் மின்சைகையை ஓட்டும் மின்னழுத்தச் சோடியம் கால்வாய் இந்தப் புழுவுக்கு இல்லவே இல்லை. பைரெத்திரொயிட் வகைப் பூச்சிநாசினிகள் தாக்கும் பிரதான இடம் அதுதான். ஆகவே சைபர்மெத்திரினைப் பூசிய தட்டில் புழு உற்சாகமாக ஊர்ந்தால், அதிலிருந்து மனிதரைப் பற்றி ஒன்றும் முடிவு செய்ய இயலாது. இதற்கு நேர்மாறானதும் உண்டு. சிற்றுண்ணிகளுக்கு அடிக்கப்படும் அபமெக்டின், முள்ளந்தண்டிலிகளில் மட்டும் உள்ள குளுட்டமேற்றுக் குளோரைட்டுக் கால்வாய்களைத் திறந்துவிடுகிறது. மிகக் குறைந்த அளவிலேயே புழு செயலிழந்துபோகும். அதைக் கண்டு மனிதருக்கும் அதே கதி என்று அலறினால் அதுவும் பிழை. ஒன்றில் புழு பேசாமல் இருக்கிறது; மற்றதில் அளவுக்கு மீறிக் கத்துகிறது. இரண்டையும் முன்கூட்டியே அறிந்து, எந்த மருந்து வகையைப் புழுவிடம் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று எழுதிவைத்த பிறகே முதல் தட்டை ஊற்ற வேண்டும். பூச்சிநாசினிக் கடைகளில் சேதனப் பொசுபேற்றும் பைரெத்திரொயிட்டும் சேர்ந்த போத்தல்கள் விற்பனையாகும் இந்நாளில், முதலாவது இரண்டாவதை முறிக்கும் நொதியங்களைத் தடுக்கக்கூடும் என்பது அறிந்த விடயமாக இருந்தும், அந்தக் கூட்டுவிளைவைச் சோதிக்க இந்தப் புழு உதவாது என்பது எனக்கு ஏமாற்றமே.

வேறு குறைகளும் உள்ளன. இதன் தடித்த புறத்தோல் பல பதார்த்தங்களை எளிதில் உள்ளே விடாது; அதனால் சோதனைச் செறிவு உயர்த்தப்படும்; அந்தச் செறிவை அப்படியே மனிதருக்குப் பெயர்க்க முடியாது. நம் மூளையைக் காக்கும் குருதி மூளைத் தடை இதற்கில்லை, நரம்பிழையைச் சுற்றும் மயலின் உறையும் இல்லை. மேலே சொன்ன நல்லெண்ணெய்ச் சம்பவத்தை இந்தப் புழு முன்கூட்டியே காட்டிக் கொடுத்திருக்கும் என்றும் நான் நம்பவில்லை. இரண்டு மூன்று கிழமை கழித்து நீண்ட நரம்புகளை வாட்டும் அந்தத் தாமத நஞ்சுக்கு எலிகூடச் சரியாகப் பிடிகொடுப்பதில்லை. அதற்கு விதிக்கப்பட்ட சோதனை விலங்கு முதிர்ந்த பெட்டைக்கோழி. ஒரு விலங்கிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் எதிர்பார்ப்பது நம் அவசரமே தவிர விலங்கின் குற்றமல்ல.

நடைமுறைக்கு வருகிறேன். இந்தப் புழுவை 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரை வளர்ப்பார்கள். வழக்கமாக 20 பாகையில். ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 16 பாகையாக உள்ள நுவரெலியாவிலோ, தலவாக்கலையிலோ இனத்தைப் பேணுவதற்குக் குளிரூட்டி வேண்டாம். மின்சாரம் நின்றாலும் சேமிப்பு அழியாது. கொழும்பில் இதைச் சொல்ல முடியாது. சோதனைக்கு மட்டும் வெப்பநிலை மாறாத பெட்டி ஒன்று கட்டாயம், ஏனெனில் 20 பாகையில் ஏறத்தாழ மூன்றரை நாளில் முடியும் வாழ்க்கை வட்டம் 15 பாகையில் ஆறு நாள்வரை நீளும். மலைக் குளிரில் வளர்ந்த புழுவையும் வகுப்பறைச் சூட்டில் வளர்ந்ததையும் ஒப்பிட்டால் வருவது நஞ்சின் கணக்கல்ல, காலநிலையின் கணக்கு. ஒரு புழு தன்னைத்தானே கருக்கட்டி 300 குஞ்சுகள்வரை ஈனும் என்பதால் எண்ணிக்கைக்குக் குறைவிராது. உறைநிலையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து மீட்கவும் முடியும்.

நம் மண்ணில் கிடைக்கும் உறவுப் புழுக்களைப் பிடித்துத் தொடங்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது மாணவர் பயிற்சிக்கு நல்லது. ஆனால் முடிவுகள் உலக முடிவுகளோடு ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டுமாயின் எல்லோரும் பயன்படுத்தும் 'N2' என்ற இனமே வேண்டும். 1951 இல் பிரிஸ்டல் நகருக்கு அருகே காளான் உரத்திலிருந்து எடுக்கப்பட்ட புழுவின் வழித்தோன்றல் அது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்திலுள்ள சேமிப்பகம் இதனை உலகெங்கும் அனுப்பி வருகிறது. தாவரத் தொற்றுக்காப்பு அனுமதியைப் பெற்றுத் தருவதில் விவசாயத் திணைக்களம் கைகொடுக்க வேண்டும். நூற்புழு என்றதும் தேயிலை வேரைக் கெடுக்கும் பிரட்டிலெங்கஸ் லூசி நினைவுக்கு வந்து அதிகாரிகள் தயங்குவது இயல்பு. இது வேரைத் துளைக்கும் ஊசிவாய் இல்லாத, பற்றீரியா தின்னும் புழு என்பதைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தைவிட நன்றாக எடுத்துச் சொல்லக்கூடியவர் இங்கு யாரும் இல்லை. வேரிலிருந்தும் மண்ணிலிருந்தும் நூற்புழுவைப் பிரித்து எண்ணும் கைப்பழக்கமும் அங்கேதான் இருக்கிறது. மண்ணையும் நீரடி வண்டலையும் இந்தப் புழுவைக் கொண்டு சோதிக்கும் முறை ஐ.எஸ்.ஓ. 10872 என்ற சர்வதேச நியமமாகவே உள்ளதால், வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் அளக்கும் அந்த முறையிலிருந்து தொடங்கி, அதன்மேல் நரம்புச் சோதனைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முடிவுகள் வரத் தொடங்கிய பின் நடக்கக்கூடிய ஒன்றைப் பற்றி எனக்கு உண்மையிலேயே அச்சம் இருக்கிறது. "புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே மருந்து பாதுகாப்பானது" என்று ஒரு வரி துண்டுப்பிரசுரமாகிக் கடைகளில் தொங்கக்கூடும். "புழு செத்தது, ஆகவே தோட்டத்து நீர் முழுவதும் நஞ்சு" என்று இன்னொரு வரி மேடைகளில் முழங்கக்கூடும். இதனைத் தடுக்க, ஒவ்வொரு அறிக்கையும் எந்த வகை மருந்து, புழுவில் அதன் தாக்கிடம் உண்டா இல்லையா, அடுத்து எந்தச் சோதனை தேவை என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றும் காணப்படாத முடிவுகளும் மறைக்கப்படாமல் வெளியிடப்பட வேண்டும். அறிக்கை சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வர வேண்டும். சந்தேகம் எழுந்த இடத்தில் மருந்தடிப்போரின் குருதியில் கோலினெஸ்தரேசு அளவை அவர்களுடைய சம்மதத்துடன் பார்க்கும் பொறுப்பை மருத்துவ பீடம் ஏற்க வேண்டும். அந்த அளவைக் காட்டி எவரையும் வேலையிலிருந்து நிறுத்தலாகாது. நாட்சம்பளம் போகும் என்றால் யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

தொடக்க ஆண்டுக்கு நான் கேட்பது அதிகமில்லை. ஓர் அறை, இரண்டு நுணுக்குக்காட்டிகள், ஒரு வெப்பநிலைப் பெட்டி, பட்டப்பின் ஆய்வு மாணவர் ஒருவர். முதலில் சோதிக்க வேண்டியவை மூன்று: மரக்கறித் தோட்டத் தாங்கிகளில் உண்மையாகவே கலக்கப்பட்ட சேதனப் பொசுபேற்றுக் கலவைகள்; நெடுநாள் கிடந்த போத்தல்களும் அதே மருந்தின் புதிய போத்தல்களும் பக்கத்தில் பக்கமாக; தேயிலை மலைக்குக் கீழே குடிநீர் எடுக்கும் பீலிகளின் நீர், மருந்தடித்த மறுநாளும் முதல் மழைக்குப் பின்னும். மாதிரிகளை எடுத்துப் பெயர்ச்சிட்டை ஒட்டி ஒப்படைக்கும் வேலையை எங்கள் பாடசாலை உயர்தர மாணவர்கள் தங்கள் மேற்பார்வையில் செய்வார்கள். அதற்கு அதிபரின் இணக்கத்தை ஏற்கெனவே பெற்றிருக்கிறேன். பெரும்போகக் கிழங்கு நடுகைக்கு முன் இரு பல்கலைக்கழகங்களிலிருந்தும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் ஒவ்வொருவரையாவது அழைத்து ஒரு கூட்டம் வைக்குமாறும், அதில் பதிவாளர் அலுவலகத்தின் பிரதிநிதி ஒருவர் இருப்பதை உறுதிசெய்யுமாறும் பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உயர்தர உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.